புகை வழக்கில் என் சாட்சி

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். இளம்பச்சை நிறம், நெஞ்சில் ஒரு இலை, இலைக்கடியில் ‘தூய காற்று எங்கள் வாக்குறுதி’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. எதற்கு என்று கேட்டால், அரசாங்கம் எங்கள் மேல் போட்ட புகை வழக்கு சமரசத்தில் முடிந்து ஓராண்டு நிறைவாம். நம்மூரில் கேஸில் மாட்டியவன் நாலு நாளைக்கு வெளியே தலைகாட்ட மாட்டான். இங்கே ஊழியர் அத்தனை பேருக்கும் சட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். கேக்கும் வெட்டினார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

நான் வேலப்பன்சாவடிக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் டீசல் பம்ப் சோதித்துக்கொண்டிருந்தவன், மாலைக் கல்லூரியில் பி.இ. முடித்து, அமெரிக்காவில் குளிர் மண்டையைப் பிளக்கும் ஓர் ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்து ஏழு வருடமாகிறது. டீசல் கார் செய்யும் கம்பெனியில் இன்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை. ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு வரி எழுதுகிறார்கள்: ‘அங்கே எல்லாம் ரூல்ஸ்படி நடக்குமாமே.’ நடக்கும். எப்படி நடக்கும், அதில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று ஒரு தடவை எழுதிவிட்டால், அடுத்த கடிதத்தில் வேறு ஏதாவது கேட்பீர்கள்.

2

முதலில் வழக்கு. ஒரு காரை விற்பனைக்கு விடுமுன் அரசாங்கம் அதன் புகையைச் சோதிக்கும். காரை உருளைகள் மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். இவ்வளவு நேரம் இந்த வேகம், பிறகு நிறுத்து, மறுபடி எடு என்று அதற்கொரு அட்டவணை உண்டு. அட்டவணை ரகசியமில்லை. கம்பெனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், காரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் தெரியும். வம்பே அங்கேதான்.

அட்டவணைப்படி ஓடும்வரை எங்கள் கார் பரம சாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே சீராக ஓடினால், ‘இது சோதனை இல்லை, நெடுஞ்சாலை’ என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். உடனே டீசலைப் பீய்ச்சும் நேரத்தை மாற்றிவிடும். மைலேஜ் கூடும். கூடவே, கண்ணுக்குத் தெரியாத நச்சுப்புகையும் பல மடங்கு கூடும். ‘சோதனையை ஏமாற்றும் கருவி’ என்றது அரசாங்கம். ‘இன்ஜினைக் காக்கும் ஏற்பாடு’ என்றது கம்பெனி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் ஒரே வரியில் சொல்லிவிடுவதை, இவர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மனு எழுதிச் சொன்னார்கள்.

அந்தப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து வராந்தாவில் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே காரியத்தை வேலப்பன்சாவடியில் நானும் என் மச்சானும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செய்திருக்கிறோம்.

3

மச்சான் தயாளன், என் மனைவி கஸ்தூரியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. பூந்தமல்லி ஹைரோட்டில் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் நிற்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. கொடுக்குமுன் புகையையும் பார்க்க ஆரம்பித்தார்கள். எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் வருடா வருடம் வாங்கும் சான்று. அதுவரை பிரேக்கும் ஹாரனும் இருந்தால் போதும். இப்போது சைலன்சருக்குள் குழாயை விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, மீட்டரைப் பார்த்தார்கள்.

பம்பின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும். எஃப்.சி.க்கு முந்தின நாள் அதைத் திருகி டீசலைக் குறைத்துவிடுவோம். புகை அறவே வராது, இழுவையும் இருக்காது. சான்று வாங்கின கையோடு வண்டி நேராகக் கடைக்கு வரும், பழையபடி வைத்துவிடுவோம். சில டிரைவர்கள் மறந்துவிடுவார்கள் என்பதால் தயாளன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். திருகின வண்டியின் ஸ்டீயரிங்கில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுவான். துணி இருந்தால் கணக்கு பாக்கி என்று அர்த்தம். வண்டி திரும்பி வந்ததும் அவிழ்த்துவிடுவான்.

ஆடி மாதம் கல்யாணச் சவாரி இருக்காது. வேன்காரர்கள் எல்லாம் அந்த மாதத்தில்தான் எஃப்.சி.க்கு வருவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டு வேன் ஒன்று வந்தது. தயாளன் சாப்பிடப் போயிருந்தான். நான்தான் திருகினேன். கைக்குக் கிடைத்த துணி சிவப்பு. அதைக் கட்டினேன், டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடி மாதத்தில், திருவேற்காட்டுக்குப் பக்கத்தில், வண்டி ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி. வேன் ஓனர் பயபக்தியான மனிதர். எஃப்.சி. வாங்கிக்கொண்டு போனவர், தன் டிரைவர் அம்மன் கோயிலில் வைத்துக் கட்டியது என்று நினைத்துவிட்டார். டிரைவர், ஓனர் கட்டியது என்று நினைத்தான். தினமும் காலையில் அதற்குக் குங்குமம் வைத்துத்தான் வண்டியை எடுத்திருக்கிறார்கள். மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஏது மேடு? வண்டி கொஞ்சம் சோம்பல்படுகிறது, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு வேன் திருப்பதிக்குப் போனது. மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் நின்றது. புகையே வரவில்லை, வண்டியும் நகரவில்லை. பட்டுப்புடவைகள் எல்லாம் இறங்கி நடந்தன. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாராம். பெண்ணின் அப்பா தாலியை மடியில் கட்டிக்கொண்டு, போகிற பஸ்களுக்கெல்லாம் கைகாட்டியபடி ஓடினாராம். முகூர்த்தம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது தாலி ஏறியது.

4

மலையில் வண்டியைப் பார்த்த மெக்கானிக், பம்பில் டீசலைக் குறைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிட்டான். ஊர் திரும்பிய வேன் ஓனர் என்ன செய்தார் தெரியுமா? நேராக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பிரேக் இன்ஸ்பெக்டரிடமே புகார் கொடுத்தார். ‘உங்க புகை டெஸ்டுக்காகத் திருகினவன், திரும்ப வைக்காம விட்டுட்டான் சார், நியாயமா?’ என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒரு புகாரை அந்த ஆபீஸ் அதற்கு முன் பார்த்திருக்காது. வாங்கினால் தன் சான்றே பொய் என்றாகும், வாங்காவிட்டால் ஓனர் வாசலிலேயே நின்று கத்துவார். வாங்கிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்த அன்று நானும் இருந்தேன். அந்த வாரம்தான் என் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் எங்கள் தெருவில் விசாரித்துவிட்டுப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் உட்காரக்கூட இல்லை.

“அந்த மாங்காட்டு வேனுக்கு யார் கை வெச்சது?”

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெல்லக் கீழே வைத்தேன். தயாளன் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

“நான்தான் சார். எல்லா வண்டிக்கும் நான்தான் சார் வெக்கிறேன். உங்ககிட்ட வர்ற வண்டி எல்லாம் நம்ம கடை வண்டிதான்.”

“என்னய்யா, ஒப்புக்கறியா?”

“கேட்டீங்க, சொல்றேன். இல்லன்னு சொன்னா இன்னா, நீங்க நம்பப்போறீங்களா?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “இவர் யாரு?”

“நம்ம மாப்ள சார். கஸ்டமர் மாதிரி சும்மா வந்துகீறாரு.” என் பக்கம் திரும்பினான். “நீ ஊட்டுக்குப் போ மாப்ள, தங்கச்சி தேடும்.”

போனேன். கடையை மூன்று மாதம் பூட்டி சீல் வைத்தார்கள். அந்த மூன்று மாதமும் தயாளன் பாடியில் இன்னொருவன் கடையில் கூலிக்கு நின்றான். நான் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியபோது மாலை போட வந்தவன், அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

5

இனி காக்கா கதை. இங்கே வந்து நாலு வருடம் ஆகியிருந்தபோது, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. கஸ்தூரி ஊரில் விட்ட பழக்கத்தைக்கூட இங்கே வந்து பிடித்துக்கொண்டவள். காலையிலிருந்து விரதம், பெருமாளுக்குப் படையல், காக்காவுக்கு வைத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. அன்று எனக்கு ஓவர்டைம். சோதனைக் கூடத்தில் ஓர் இன்ஜினைச் சீரான வேகத்தில் ஓடவிட்டு, நாற்பது நிமிடத்தில் அணைக்க வேண்டும். வீடு பத்து நிமிடத் தூரம். ஓடவிட்டுவிட்டுப் போய் நாலு வாய் சாப்பிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கில் காக்காவைச் சேர்க்கவில்லை. பின்வாசல் கட்டையில் சோற்றை வைத்தோம். காக்கா வரவில்லை. அணில் வந்தது.

“அணில் தொட்டா கணக்குல்ல” என்றாள் கஸ்தூரி.

என் பெண் நித்யாவுக்கு அப்போது பதினொரு வயது. பசி. “அம்மா, இந்த ஊரு காக்காவுக்கு நம்ம ஃபுட் தெரியாதும்மா, ப்ளீஸ்மா” என்று கெஞ்சினாள். பிறகு அவளே புல்வெளியில் இறங்கி வானத்தைப் பார்த்துக் ‘கா, கா’ என்று கத்தினாள். அமெரிக்க உச்சரிப்பில் கத்தினால் எந்தக் காக்கா வரும்? பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எல்லாம் நலமா என்று விசாரித்தார். காக்கா வந்து மூக்கை வைத்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத் தாளைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் வரை தரையோடு தரையாக வந்த நச்சுப்புகைக் கோடு, அதற்குப் பிறகு செங்குத்தாக ஏறி மேலேயே நின்றிருந்தது. இன்ஜினைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்து அணைத்தேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் அதே ஏற்றம். பதிவேட்டில், நாற்பத்தேழாம் பக்கத்தில், நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதி, கீழே ‘எனக்கு ஒரு டவுட்’ என்று முடித்தேன். எஸ்டேட்டில் பழகிய கை. நமக்கு டவுட் என்றால் தெரியாததைக் கேட்பது. இங்கே அது குற்றம் சாட்டும் விரல் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

என் மேலதிகாரி ராஜர் பக்கத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். “அருமையான கவனிப்பு” என்று தோளில் தட்டினார். பிறகு பக்கத்தை, தையல் கெடாமல், நிதானமாகக் கிழித்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். அந்த வாரமே என் கிரீன் கார்டுக்கான விண்ணப்பத்தைக் கம்பெனி அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்தது.

6

வழக்கு வந்ததும் அரசாங்கத்து வக்கீல்கள் பதிவேடுகளைக் கேட்டார்கள். தாளுக்கொரு பக்க எண் அச்சடித்த பதிவேடு. நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தெட்டு. கதவைத் திறக்கும் அட்டையின் பதிவில் நான் போன நேரமும் வந்த நேரமும் இருந்தன. சாட்சி சொல்ல வரும்படி எனக்கு ஓலை வந்தது.

கம்பெனி வக்கீல் ப்ரெண்டா என்ற பெண்மணி மூன்று நாள் எனக்குப் பாடம் நடத்தினார். அன்பானவர், ஒவ்வொரு முறையும் காபி கொண்டுவந்து கொடுப்பார். “பொய் சொல்லச் சொல்லவே மாட்டேன். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொல்வது பொய் ஆகாது” என்றார். “ஞாபகம் இருந்தால்?” என்று கேட்டேன். “இருக்கிறதா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள்” என்றார். யோசித்தேன். அவசரமாக விழுங்கியதில் தொண்டையில் சிக்கிய மிளகு வரைக்கும் ஞாபகம் இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. விசா கம்பெனி கையில், கிரீன் கார்டு கம்பெனி கையில். வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நித்யா தமிழில் கனவு காண்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. அவளை எந்த ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

தயாளனுக்குப் போன் போட்டேன்.

“இன்னா மாப்ள, அங்கயும் துணி கட்றாங்களா?” கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“துணியெல்லாம் வேணாம் மச்சான். கம்ப்யூட்டரே திருகிக்கும், அதுவே திரும்ப வெச்சிக்கும்.”

“அய்ய, அப்ப ஆளே வேணாமா? தப்பு பண்ற வேலையவும் மிஷினுக்குக் குட்துட்டா நம்ம மாதிரி ஆளுங்க இன்னாத்துக்குக் கீறோம்?”

“என்னைக் கூப்ட்டு கேக்கப்போறாங்க மச்சான். பார்த்தியான்னு.”

சிரிப்பு நின்றது. “பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அப்புறம் இன்னா?”

நான் கிரீன் கார்டு என்று இழுத்தேன். “எனக்கு மூணு மாசந்தான் போச்சி. உனுக்கு எவ்ளோ போவும்னு எனுக்கு இன்னா தெரியும். போனக் கஸ்தூரி கைல குடு” என்றான்.

7

வாக்குமூலம் கோர்ட்டில் இல்லை, ஓட்டல் ஒன்றின் கூட்ட அறையில். வலது கையைத் தூக்கி, உண்மையைத் தவிர வேறில்லை என்றேன். முதல் கேள்விக்குத் தலையாட்டினேன். தட்டச்சு செய்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு, அது ஆமாவா இல்லையா என்று கேட்டார். நம் தலையாட்டலில் இரண்டும் உண்டு என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? வாயால்தான் சொல்ல வேண்டுமாம். தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார்கள்.

அரசாங்கத்து வக்கீல் என் வயதுக்காரர், கசங்கிய கோட்டு. ஒன்றரை மணி நேரம் எங்கே போனீர்கள் என்றார். சாப்பிட என்றேன். அவ்வளவு நேரமா என்றார். மத அனுஷ்டானம் என்றேன். மரியாதையாக அதை அதோடு விட்டுவிட்டார். திரும்பி வந்து வரைபடத்தில் என்ன பார்த்தீர்கள் என்றார்.

“ஞாபகம் இல்லை.”

நாற்பத்தேழாம் பக்கத்தில் என்ன எழுதினீர்கள்?

“ஞாபகம் இல்லை.”

அந்தப் பக்கத்தை எடுத்தது யார்?

“ஞாபகம் இல்லை.”

மூன்று தடவை. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகப் பார்த்தார். ப்ரெண்டா தன் காகிதத்தில் ஏதோ டிக் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நித்யா ஓடிவந்து கேட்டாள். “அப்பா, காக்கா ஸ்டோரி சொன்னீங்களா? சிரிச்சாங்களா?”

“ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்மா.”

அவளுக்குப் புரியவில்லை. “ஆனா ஞாபகம் இருக்கே. எனக்கே இருக்கே.” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மாடிக்குப் போய்விட்டாள்.

இரண்டே மாதத்தில் சமரசம். கம்பெனி அபராதம் கட்டும், கம்ப்யூட்டரை மாற்றும், ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாது. அப்படி ஒரு வாக்கியமே சமரச ஒப்பந்தத்தில் உண்டு. வராந்தாவில் ப்ரெண்டாவைப் பார்த்தேன். என் சாட்சியத்தை யாராவது படித்தார்களா என்று கேட்டேன். “அதற்கு அவசியமே வரவில்லை. அரசாங்கத்திடம் வேறு ஆதாரம் நிறைய இருந்தது” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் எல்லாம் இதே மாதிரிதான் முடிந்திருக்கும். ஒன்றுக்குமே ஆகாத பொய்யைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

8

கிரீன் கார்டின் கடைசிப் படிவம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். கையெழுத்து அழகாக இருப்பது நித்யாவுக்குத்தான். அவளுக்கு இப்போது பதினாலு. ஒவ்வொரு கேள்வியையும் அம்மாவுக்காகத் தன் உடைந்த தமிழில் சொல்லி, ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள்.

“கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தீங்களா?”

“அம்பத்தூர்ல ஒரு தபா ஊர்வலத்துல டீ குடிச்சாரு, அதெல்லாம் எழுதணுமா?” என்றாள் கஸ்தூரி.

“இல்ல. அடுத்தது, ரெண்டு கல்யாணம் பண்ணிக்கப்போறீங்களா?”

“அத மட்டும் நல்லா அழுத்திக் கேளு.”

சிரித்துக்கொண்டே வந்தோம். அடுத்த கேள்வியை நித்யா மெதுவாகப் படித்தாள். “தெரிஞ்சே ஏதாவது குற்றம் பண்ணி, அதுக்கு அரெஸ்ட் ஆகாம இருக்கீங்களா?”

இப்படிக்கூடக் கேட்பார்களா என்று கஸ்தூரி சிரித்தாள். நான், “இல்லன்னு போடு” என்றேன்.

நித்யா போடவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்தாள். “இத நீங்களே போடுங்கப்பா.”

“இன்னாடி, ஒரு கோடுதான?” என்றாள் கஸ்தூரி.

“அதான், அவரே போடட்டும்.”

போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது. அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தாள், ஆங்கிலத்தில். அதற்குமேல் எதையும் அவள் எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.